ஓடும் எழுத்து கிழியாமல் இருக்க: திரைக் கிழிசலுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழக-கேரள எல்லையில், வேலந்தாவளத்தில் ஒரு தேங்காய் மண்டி என்று வைத்துக்கொள்வோம். சுவரில் 43 இஞ்ச் டிவி. மேல் வரி தமிழ், கீழ் வரி மலையாளம். அன்றைய ரேட் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. 'கொப்பரை' என்ற சொல் நடுத்திரையைக் கடக்கும்போது 'ப்' எழுத்தின் புள்ளி வலப்பக்கம் ஒதுங்கி நிற்க, எழுத்தின் உடல் மட்டும் இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. கண் சிமிட்டும் நேரம்தான். அடுத்த முறை அந்த வெட்டு இன்னும் சற்று மேலே விழுகிறது. யாரோ கத்தரிக்கோலால் படத்தைக் குறுக்கே வெட்டி, பிசகாக ஒட்டியது போல இருக்கிறது. இதுதான் ஸ்கிரீன் டியரிங், நம் வாயில் திரைக் கிழிசல்.

"வி-சிங்க் போடுங்க, சரியாயிடும்" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வி-சிங்க் என்பது, திரை ஒரு சுற்றை முடிக்கும்வரை அடுத்த படத்தைக் காக்க வைக்கும் அமைப்பு. அவர்கள் சொல்வது பாதி உண்மை. வி-சிங்க் ஏற்கெனவே ஆனாக இருந்தும் கிழிகிற சிஸ்டங்கள் ஏராளம். படம் வரையும் புரோகிராமிலிருந்து திரைக்குப் போகும் வழியில் நாலைந்து பேர் கைமாற்றுகிறார்கள். திரையின் தாளத்துக்கு இசைய வேண்டியவர் அவர்களில் கடைசியாகத் திரையைத் தொடுபவர். அவர் யார் என்று தெரியாமல் கண்ட இடத்தில் எல்லாம் ஸ்விட்சைப் போட்டால், கிழிசல் போகாது. தாமதம் மட்டும் கூடும்.

எங்கே வெட்டு விழுகிறது

திரை ஒரு படத்தை ஒரே மூச்சில் காட்டுவதில்லை. மேல் வரியில் தொடங்கி வரிவரியாகக் கீழே இறங்குகிறது. பழைய குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை செய்த வேலை அது. எல்சிடி வந்த பிறகும் வரிசை மாறவில்லை. 1080 வரி, 60 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான ஹெச்டிஎம்ஐ சிக்னலில் உண்மையில் 1125 வரிகள் இருக்கின்றன. 1080 வரிகளில் படம். மிச்சம் 45 வரிகள் வெற்று. ஒரு வரிக்கு ஏறக்குறைய 14.8 மைக்ரோ செகண்ட். அந்த 45 வெற்று வரிகளும் சேர்ந்து 0.67 மில்லி செகண்ட். திரை மீண்டும் மேலே போய்த் தொடங்குவதற்கு முன் கிடைக்கிற இந்தச் சின்ன இடைவெளிதான் வெர்ட்டிகல் பிளாங்க். படத்தை மாற்றுவதானால் இதற்குள் மாற்ற வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டில் இரண்டு பஃபர், அதாவது ஒரு முழுப் படத்தை வைக்கும் நினைவிடம், இருக்கும். முன் பஃபரைத் திரை படித்துக்கொண்டிருக்கும். பின் பஃபரில் அடுத்த படம் தயாராகும். தயாரானதும் இரண்டையும் இடம் மாற்றுவது ஸ்வாப். திரை 540ஆவது வரியைப் படிக்கும்போது ஸ்வாப் நடந்தால், மேல் பாதி பழைய படம், கீழ் பாதி புதிய படம். எழுத்து இடப்பக்கம் ஓடுவதால் புதிய பாதி இன்னும் இடப்பக்கம் தள்ளி நிற்கும். 'ப்' புள்ளி வலப்பக்கம் ஒதுங்கிய மர்மம் இவ்வளவுதான்.

எவ்வளவு தள்ளி என்பதற்கும் கணக்கு உண்டு. நொடிக்கு 240 பிக்சல் வேகம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 4 பிக்சல். 43 இஞ்ச் ஃபுல் ஹெச்டி டிவியில் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். அதையே மண்டபத்தில் பி4 எல்இடி சுவரில் ஓட விட்டால் பிக்சலுக்கு 4 மில்லிமீட்டர் வீதம் 16 மில்லிமீட்டர். கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கும் தெரியும்.

முதல் படி: இது கிழிசல்தானா?

மூன்று கோளாறுகளை எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறார்கள். மருந்து மூன்றுக்கும் வேறு.

படம் குறுக்கே வெட்டுப்பட்டு, இரண்டு துண்டும் விலகி நின்றால் கிழிசல். படம் முழுசாக இருக்கிறது, ஆனால் ஓட்டம் தடுக்கித் தடுக்கிப் போகிறது என்றால் அது தடுமாற்றம். ஃப்ரேம் விடுபடுகிறது அல்லது இருமுறை காட்டப்படுகிறது. செல்போன் வழியாகப் பார்த்தால் மட்டும் கருப்புப் பட்டை உருளுகிறது, வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றால் அது கேமரா ஷட்டரும் திரையும் ஒத்துப்போகாத விஷயம். அதற்காக கம்ப்யூட்டரில் எதையும் தொடாதீர்கள்.

சோதிக்க ஒரு எளிய படம் போதும்: கருப்புப் பின்னணியில் திரையின் முழு உயரத்துக்கு 40 பிக்சல் அகல வெள்ளைக் கம்பம், ஃப்ரேமுக்கு 8 பிக்சல் வீதம் குறுக்கே ஓடட்டும். செங்குத்துக் கோட்டில் வெட்டு விழுந்தால் ஒளிக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டாதீர்கள். அது பஃபரை முழுசாகப் படிக்கிறது, கிழிசல் அதில் ஒருநாளும் வராது. போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் இருந்தால் அதில் எடுங்கள்.

வெட்டு நகரும் விதமே பாதி நோயைச் சொல்லிவிடும். கோடு மெதுவாக மேலே ஏறினால் புரோகிராம் திரையைவிடச் சற்று வேகம்: 60 ஹெர்ட்ஸ் திரையில் 61 ஃப்ரேம் என்றால் நொடிக்கு ஒரு முறை திரை முழுவதும் ஏறும். கீழே இறங்கினால் சற்று மெதுவு. தாறுமாறாகத் தெறித்தால் ஒத்திசைவே இல்லை. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், யாரோ ஒத்திசைக்கிறார்கள், ஆனால் ஸ்வாப்புக்குப் பதிலாகப் படத்தைக் காப்பி செய்கிறார்கள், அந்தக் காப்பி பிளாங்குக்குள் முடியவில்லை. மூலைக்கு மூலை சரிவாக வெட்டினால், எல்லா விண்டோக்களையும் சேர்த்து ஒரே படமாக்கும் கம்பாசிட்டர் மேல், அது படத்தை இரண்டு முக்கோணங்களாக வரைந்து ஒட்டுகிறதோ என்று, சந்தேகப்படலாம்.

இரண்டாம் படி: ரெஃப்ரெஷ் ரேட்டும் டூப்ளிகேட் மோடும்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே வரை போய், ஒவ்வொரு திரைக்கும் என்ன ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது) இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 59.94 என்றும் 60 என்றும் தனித்தனியாகக் காட்டினால், டிவிக்கும் சோர்ஸுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஏறக்குறைய 17 நொடிக்கு ஒரு ஃப்ரேம் பிசகும். "எப்பவாவது ஒரு குலுக்கு" என்ற புகார் இங்கிருந்து வரலாம்.

அடுத்தது டூப்ளிகேட். கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் அதிகம் கால் வாரும் இடம் இதுதான். ஆபரேட்டரின் லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ், கம்ப்யூட்டர் படத்தை எல்இடி சுவருக்கு அனுப்பும் சென்டிங் கார்டு 60 ஹெர்ட்ஸ். இரண்டிலும் ஒரே படம் தெரிய வேண்டும் என்று டூப்ளிகேட் போட்டால், சிஸ்டம் ஒரு திரையின் தாளத்துக்குத்தான் இசைய முடியும். லேப்டாப்பில் வெண்ணெயாக ஓடும். சுவரில் கிழியும் அல்லது தடுக்கும். லேப்டாப்பைப் பார்த்து வேலை செய்பவருக்குக் குறையே தெரியாது. விண்டோஸ் விசையோடு பி தட்டி எக்ஸ்டெண்ட் என்று மாற்றுங்கள், சுவரை மெயின் டிஸ்ப்ளே ஆக்குங்கள், புரோகிராமை அந்தத் திரையில் முழுத்திரையாகத் திறங்கள். டூப்ளிகேட் தவிர்க்கவே முடியாது என்றால் லேப்டாப்பையும் 60க்கு இறக்குங்கள். அப்போதும் இரண்டின் கடிகாரமும் தனித்தனி என்பதால் முழு உத்தரவாதம் இல்லை. படத்தைப் பிரிக்கும் ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வைப்பது இன்னும் நல்லது.

சாதாரண யுஎஸ்பி போர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐ எடுத்துக் கொடுக்கும் மலிவு அடாப்டர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவை படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்புகின்றன. கிராபிக்ஸ் கார்டின் வி-சிங்க் அந்தத் திரையை எட்டாது. ஓடும் எழுத்துக்கு அதை நம்ப வேண்டாம். கார்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள்.

மூன்றாம் படி: ஆப்பரேட்டிங் சிஸ்டம்

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டெஸ்க்டாப் கம்பாசிட்டர் உண்டு: எல்லா விண்டோக்களையும் சேர்த்து ஒரே படமாக்கி, பிளாங்கில் மாற்றும். விண்டோஸ் 8 முதல் அதை அணைக்கவே முடியாது. ஆகவே விண்டோவுக்குள் ஓடும் புரோகிராம் பொதுவாகக் கிழியாது; எக்ஸ்க்ளூசிவ் முழுத்திரையில் ஓடுவதுதான் கம்பாசிட்டரைத் தாண்டிப் போய்க் கிழியும். மூலையில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் பழைய பெட்டி இருந்தால் அதில் என்ன தீம் இருக்கிறது என்று பாருங்கள். வேகம் கிடைக்கும் என்று யாராவது பேசிக் தீமுக்கு மாற்றி வைத்திருந்தால் கம்பாசிட்டர் அணைந்திருக்கும். ஏரோவை ஆன் செய்தாலே வேலை முடிந்துவிடலாம்.

பிறகு டிரைவர் பேனல். என்விடியாவில் மேனேஜ் 3டி செட்டிங்ஸ் உள்ளே வெர்ட்டிகல் சிங்க். ஏஎம்டியில் வெயிட் ஃபார் வெர்ட்டிகல் ரெஃப்ரெஷ். இங்கே ஆஃப் என்று வலுக்கட்டாயமாக வைத்திருந்தால், புரோகிராம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாலும் கிடைக்காது. புரோகிராமின் விருப்பத்துக்கு விடுங்கள்.

லினக்ஸ் இந்தப் பக்கம் முக்கியம். கேரளப் பள்ளிகளில், பாலக்காட்டுத் தமிழ் மீடியம் பள்ளிகள் உட்பட, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ்தான் பழக்கம். அதில் படித்த பையன்தான் நாளைக்கு மண்டி டிவியையும் லினக்ஸில் ஓட்டப் போகிறான். லினக்ஸில் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் பழைய எக்ஸ்ஆர்க் முறையில் கம்பாசிட்டர் இல்லாவிட்டால் கிழிசல் இயல்பு. புதிய முறையான வேலண்ட் தொடக்கத்திலேயே முழுப் படம் மட்டுமே திரைக்குப் போக வேண்டும் என்று வகுக்கப்பட்டது. லாகின் திரையில் பல்சக்கரப் படத்தை அழுத்தினால் எந்த முறை என்று தெரியும்; வேலண்ட் இருந்தால் அதில் நுழையுங்கள். எக்ஸ்ஆர்க்கிலேயே இருக்க வேண்டிய நிலை என்றால்: எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் உள்ளே கம்பாசிட்டரை ஆன் செய்யுங்கள், இன்டெல், ஏஎம்டி டிரைவர்களில் டியர்ஃப்ரீ என்ற தேர்வு உண்டு, என்விடியாவில் டிஸ்ப்ளே கான்ஃபிகரேஷன், அட்வான்ஸ்டு உள்ளே ஃபோர்ஸ் ஃபுல் கம்போசிஷன் பைப்லைன். மூன்றில் ஒன்று போதும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒவ்வொருவரும் ஒரு ஃப்ரேம் காக்க வைப்பார்கள். மவுஸ் கஞ்சியில் மாட்டியது போல நகரும்.

நான்காம் படி: சொந்தமாக எழுதும் புரோகிராம்

பிரவுசரில் ஓடும் எழுத்துக்குப் பலர் இன்னும் மார்க்யூ டேக் போடுகிறார்கள். அதன் இயல்பு நிலை 85 மில்லி செகண்டுக்கு ஒருமுறை 6 பிக்சல். நொடிக்குப் பன்னிரண்டு நகர்வுகூடத் தேறாது. அது கிழிவதில்லை, நொண்டுகிறது. அடுத்தபடியாகச் செய்யும் தவறு, 16 மில்லி செகண்டுக்கு ஒரு டைமர். 16 என்றால் நொடிக்கு 62.5. திரை 60. நொடிக்கு இரண்டரை ஃப்ரேம் எங்கோ விழ வேண்டும், விழுகிறது. ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் என்ற அழைப்பைப் பயன்படுத்துங்கள். திரைக்குத் தேவைப்படும்போது பிரவுசரே கூப்பிடும், கூடவே நேரத்தையும் தரும். நகர்த்துவதற்கு லெஃப்ட் மதிப்பை மாற்றாமல் டிரான்ஸ்ஃபார்ம் மதிப்பை மாற்றுங்கள். முன்னது ஒவ்வொரு முறையும் பக்க அமைப்பைப் புதிதாகக் கணக்கிட வைக்கும்.

எஸ்டிஎல், ஜிஎல்எஃப்டபிள்யூ போன்ற லைப்ரரிகளோடு ஓப்பன்ஜிஎல்லில் எழுதினால் வரிசை முக்கியம். டபுள் பஃபரோடு விண்டோ திறக்க வேண்டும். கான்டெக்ஸ்டை நடப்பாக்க வேண்டும். அதன் பிறகுதான் ஸ்வாப் இன்டர்வெல்லை 1 ஆக்க வேண்டும். கான்டெக்ஸ்ட் நடப்பாகும் முன் சொன்னால் அந்தச் சொல் காற்றில் போகும். 1 என்றால் ஒரு பிளாங்க் வரும்வரை காத்திரு, 0 என்றால் காக்காதே. எஸ்டிஎல்லில் கழித்தல் 1 என்றால் அடாப்டிவ்: நேரத்துக்கு முடித்தால் காத்திரு, தவறினால் உடனே காட்டு. எல்லா டிரைவரும் அதை ஏற்காது, ஆகவே திரும்பி வரும் பதிலைப் பார்த்து, மறுத்தால் 1 என்று மீண்டும் கேளுங்கள்.

வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையில், படம் எப்படித் திரைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பிரசென்ட் மோட் நான்கைச் சொல்லலாம். ஃபிஃபோ வரிசையாகக் காத்துக் காட்டும். எல்லா கார்டிலும் கட்டாயம் இருப்பது அது ஒன்றுதான். ரிலாக்ஸ்டு ஃபிஃபோ தாமதமானால் கிழியும். மெயில்பாக்ஸ் கிழியாமல், காத்திருக்கும் பழைய படத்தைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். இமீடியட் காத்திருக்கவே செய்யாது. ரேட் போர்டுக்கு ஃபிஃபோ போதும். மெயில்பாக்ஸ் போட்டால் யாரும் பார்க்காத படங்களை வரைந்து தள்ளி, ஃபேன் இரைந்து, கரண்ட் பில் ஏறும்.

தூக்கம் போட்டு நேரம் பிடிக்க நினைக்காதீர்கள். விண்டோஸின் வழக்கமான டைமர் துடிப்பு 15.6 மில்லி செகண்ட். 1 மில்லி செகண்ட் தூங்கு என்றால் அடுத்த துடிப்பு வரை தூங்கிவிடக்கூடும். இதோடு ஸ்வாப்பின் காத்திருப்பும் சேர்ந்தால் ஃப்ரேம் தவறும். ஒன்று மட்டும் கவனம்: விண்டோவை மினிமைஸ் செய்தால் சில டிரைவர்கள் ஸ்வாப்பில் காக்காமல் உடனே திரும்பும். லூப் நொடிக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். அந்த நிலைக்கு மட்டும் சின்னத் தூக்கம் வைக்கலாம்.

வேகத்தை முழு பிக்சலாகத் தேர்ந்தெடுங்கள். 60 ஹெர்ட்ஸில் 240 என்றால் சரியாக 4 பிக்சல். 1920 பிக்சல் அகலத்தை 8 நொடியில் கடக்கும், நிதானமாகப் படிக்கலாம். 250 என்று வைத்தால் 4.17, முழுமையாக்கும்போது 4, 4, 4, 4, 4, 5 என்று போகும். கிழிசலைத் துரத்தி அலுத்தவர் கடைசியில் இந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் மானிட்டரை மாற்றுகிறார்.

எழுத்தை ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக அமைக்காதீர்கள். தமிழில் கொம்பையும் காலையும் இடம் பார்த்து வைப்பதும், மலையாளத்தில் கூட்டெழுத்து சேர்ப்பதும் வேலை கொண்ட காரியம். ரேட் மாறும்போது ஒருமுறை முழு வரியையும் டெக்ஸ்சராக வரைந்து வைத்து, பிறகு அதை நகர்த்தினால் போதும். ராஸ்பெரி பை 3இல் ஒரு டெக்ஸ்சர் 2048 பிக்சல் அகலத்துக்கு மேல் போகாது. நீண்ட வரி வெள்ளையாகவோ கருப்பாகவோ வந்தால் காரணம் இதுதான். துண்டு போட்டு அடுக்குங்கள்.

வி-சிங்க் கேட்கும் விலை

60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லி செகண்ட். 17 ஆகிவிட்டால், இரண்டு பஃபர் மட்டும் உள்ள அமைப்பில், அடுத்த பிளாங்க் வரை காத்திருந்து 33.3 ஆகிவிடும். பஸ் ஒரு நிமிடத்தில் போய்விட்டால் அடுத்த பஸ் வரை ஸ்டாண்டில் நிற்பது போலத்தான். 60இலிருந்து 58க்கு இறங்காது, நேரே 30க்கு விழும். அதையும் தவறவிட்டால் 20. மூன்றாவது பஃபர் கொடுத்தால் கார்டு சும்மா நிற்காமல் அடுத்ததை வரையத் தொடங்கும், இந்த வீழ்ச்சி தணியும். ஆனால் மூன்று படம் வரிசையில் நின்றால் 50 மில்லி செகண்ட் தாமதம். ரேட் போர்டுக்கு அது பொருட்டே அல்ல. கேம் ஆடுபவருக்குக் கை நடுங்கும்.

கேம் ஆடுபவர்களுக்கு உரிய வழி, திரையே கார்டுக்காகக் காத்திருப்பது. என்விடியா 2013இல் ஜி-சிங்க்கை அறிவித்தது. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014இல் அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட்டில் சேர்த்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன்மேல் கட்டியது. வாங்கும்போது பெட்டியில் ஃப்ரீசிங்க் என்ற சொல்லை மட்டும் பார்க்காமல் எல்லை எண்களைப் பாருங்கள். 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை என்றால் ஃப்ரேம் வேகம் 48க்குக் கீழே போனாலும் ஒரே படத்தை இருமுறை காட்டிச் சமாளிக்க இடம் உண்டு. 48 முதல் 75 என்றால் இல்லை. மேல் எண் கீழ் எண்ணைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். மேல் எல்லையைத் தாண்டினாலும் கிழியும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு நொடிக்கு 141 ஃப்ரேம் என்று உச்சவரம்பு வைப்பது வழக்கம்.

வீடியோவும் திருவிழாவும்

கல்பாத்தி ரதோற்சவத்தில் தேர் திரும்புவதை எல்இடியில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்று வையுங்கள். கேமரா நொடிக்கு 25 ஃப்ரேம், சுவர் 60 ஹெர்ட்ஸ். ஐந்து ஃப்ரேமை 12 முறையில் காட்ட 2, 2, 3, 2, 3 என்று பங்கு போட வேண்டும். கேமரா குறுக்கே திரும்பும்போது தேர் விக்கி விக்கி நகரும். இது கிழிசல் இல்லை, எந்த வி-சிங்க்கும் இதைத் தீர்க்காது. சோர்ஸ், பிராசஸர், சென்டிங் கார்டு மூன்றையும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை வரும். சுவரின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் நடுவே, கேபினெட் சேரும் கோட்டில் மட்டும் படம் பிசகினால், இரண்டு சென்டிங் கார்டுகள் ஒரே நேரத்தில் புதுப்பிக்கவில்லை என்று பொருள். எல்லாக் கருவிகளையும் ஒரே துடிப்பில் ஓட வைக்கும் ஜென்லாக் உள்ள பிராசஸரிலிருந்து இரண்டுக்கும் கொடுப்பதுதான் வழி.

கையகல டிஎஃப்டி திரை

தராசு மேல் வைக்கும் சின்ன டிஸ்ப்ளேக்கு ஈஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டும் ஐஎல்ஐ9341 சிப் உள்ள திரையும் வாங்குகிறார்கள். இங்கே ஸ்வாப் என்ற பேச்சே இல்லை; திரைக்குள் ஒரே நினைவகம். 320க்கு 240, பிக்சலுக்கு 16 பிட் என்றால் 12,28,800 பிட். போர்டையும் திரையையும் இணைக்கும் எஸ்பிஐ வழியாக, 40 மெகாஹெர்ட்ஸில் முழுப் படம் அனுப்ப 30.7 மில்லி செகண்ட். திரை இயல்பாக 70 ஹெர்ட்ஸில், 14.3 மில்லி செகண்டுக்கு ஒருமுறை படிக்கிறது. நீங்கள் எழுதி முடிப்பதற்குள் அது இருமுறை கடந்துவிடும்.

டியரிங் எஃபெக்ட் என்ற பின் வெளியே கொடுக்கப்பட்ட போர்டாகப் பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. ஹெக்ஸ் 35 கட்டளை அதை ஆன் செய்யும். பிறகு ஹெக்ஸ் பி1 கட்டளையில் ரேட்டை 61 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். இப்போது ஒரு சுற்று 16.4, இரண்டு சுற்று 32.8. பின் சிக்னல் வந்து, திரை படிக்கத் தொடங்கியதும் அதன் பின்னாலேயே எழுதிக்கொண்டு போனால், இரண்டாம் சுற்று உங்களை எட்டிப் பிடிப்பதற்குள் 30.7இல் முடித்துவிடுவீர்கள். நொடிக்கு 30 படம், வெட்டு இல்லை. 70இல் விட்டிருந்தால் 28.6க்குள் முடிக்க வேண்டும். முடியாது, திரையின் கடைசிப் பகுதியில் வெட்டு விழும்.

இன்னொரு கண்ணி. இந்தத் திரை பிறப்பால் நெட்டுவாக்கு. படுக்கையாகத் திருப்பினால் திரை படிக்கும் திசை பக்கவாட்டாகிவிடும், நீங்கள் எழுதுவதோ மேலிருந்து கீழ். இரண்டும் குறுக்கே சந்தித்துச் சரிவான வெட்டு வரும், நேரம் எவ்வளவு பார்த்துப் பிடித்தாலும் போகாது. படத்தை ஈஎஸ்பி32 நினைவகத்திலேயே திருப்பி வைத்து, திரைக்கு அதன் சொந்தத் திசையில் அனுப்புங்கள். எடை எண் மட்டும் மாறுகிறது என்றால் எண் இருக்கும் 24 பிக்சல் பட்டையை மட்டும் அனுப்பினாலே போதும்: 3 மில்லி செகண்டில் முடிந்துவிடும், திரை படிக்க வருவதற்குள் நீங்கள் முன்னால் போயிருப்பீர்கள்.

கடைசிப் படி: அளந்து பார்ப்பது

ஒரு ஸ்வாப்பிலிருந்து அடுத்த ஸ்வாப் வரை எத்தனை மில்லி செகண்ட் என்று ஃபைலில் எழுதுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், சராசரி 16.7 என்று காட்டிக்கொண்டே நடுநடுவே 33 ஒளிந்திருக்கும். 20க்கு மேல் போனவற்றை மட்டும் நேரத்தோடு பொறுக்கி எடுங்கள். சரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் ரேட்டை இன்டர்நெட்டிலிருந்து இழுக்கும் வேலை வரைகிற த்ரெட்டிலேயே நடக்கிறது. அதைத் தனி த்ரெட்டுக்கு மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எல்லாமே மெதுவாக ஏறத் தொடங்கினால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். டிவிக்குப் பின்னால் காற்றில்லாமல் ஒட்டி வைத்த சின்ன கம்ப்யூட்டர், மார்ச் ஏப்ரல் வெயிலில் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு செட்டிங் எதுவும் கிடையாது. சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி மாட்டுங்கள்.